லண்டனில் வீட்டை விற்கும் முன்: பாத்டப்பா, ஷவரா?

இங்கே நம்மவர்கள் வீட்டு பாத்டப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு பக்கெட்டும் மக்கும் இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஈஸ்ட் ஹாமில் நாங்கள் முதலில் வாங்கியது டெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டியதில் ஒன்று. அதில் ஒரே ஒரு பாத்ரூம். அங்கிருந்த டப்பை நிரப்பி ஒரு நாளாவது படுத்துக் குளித்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளே ஏறி நின்று, பக்கெட்டில் வெந்நீர் பிடித்து ஊற்றிக்கொள்வோம். அம்மா ஊரிலிருந்து வந்தபோது அந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைக்கவே பயந்தார். "இந்தத் தொட்டியை எதுக்குடா கட்டிக்கிட்டு அழறே" என்றார். சரி என்று டப்பைப் பெயர்த்து எறிந்துவிட்டு ஷவர் வைத்தோம். அம்மாவுக்கும் வசதி, எங்களுக்கும் வசதி.

விற்கப் போட்டபோதுதான் உறைத்தது. வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். சமையலறை பிடித்திருந்தது, தோட்டம் பிடித்திருந்தது. மாடிக்கு ஏறி பாத்ரூம் கதவைத் திறந்த அந்தப் பெண் ஒரு நொடி நின்றார். அப்புறம் பக்கத்தில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தார். இன்னொரு பாத்ரூம் எங்காவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். மறுநாள் ஏஜென்ட் போனில் சொன்னார்: "வீடு பிடிச்சிருக்காம், ஆனா குழந்தையைக் குளிப்பாட்ட இடம் இல்லையாம்." அடுத்த வாரம் வேறு இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியில் விலையைக் கொஞ்சம் இறக்கித்தான் கைமாற்ற முடிந்தது.

போன வருடம் ஹாரோவில் இருந்த செமி வீட்டை (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியது) விற்றபோது அந்தத் தப்பைச் செய்யவில்லை. வேறொரு தப்பைச் செய்தேன், அதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் முதன்முறையாக வீடு விற்பவர்கள், பாத்ரூமில் கை வைக்கும் முன் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

1. பாத்ரூமை எண்ணுங்கள், வாங்கப்போகிறவரை நினையுங்கள்

நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. நீங்கள்தான் வீட்டைவிட்டுப் போகிறீர்களே.

மூன்று படுக்கையறை வீடு, ஒரே பாத்ரூம் என்றால் டப்பை எடுக்காதீர்கள். அதற்கு மேலேயே ஷவர் வைத்து, ஓரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு போடுங்கள். அந்த அளவு வீட்டைத் தேடி வருபவர்களில் சின்னக் குழந்தை உள்ளவர்களும், குழந்தைக்குத் திட்டம் போடுபவர்களும் நிறைய. இங்கே குழந்தையைத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் கிடையாது. ராத்திரி தூங்கப் போகும் முன் டப்பில் உட்காரவைத்து விளையாட்டுக் காட்டிக் குளிப்பாட்டுவதுதான் பழக்கம்.

இரண்டு பாத்ரூம் இருந்தால் தலைவலியே இல்லை. பொதுவான பாத்ரூமில் டப், படுக்கையறையோடு ஒட்டிய சின்ன அறையில் ஷவர். இரண்டிலும் டப் இருந்தால் சின்னதில் இருப்பதை எடுக்கலாம். இரண்டிலும் ஷவர் மட்டும் இருந்தால் ஒன்றிலாவது டப்பைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி யோசியுங்கள்.

ஒரு படுக்கையறை ஃபிளாட்டுக்கு ஷவர் போதும். காலையில் அவசரமாகக் குளித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் அதை வாங்குவார்கள். படி இல்லாத பங்களா வகை வீடு என்றால் கணக்கு தலைகீழ். வயதானவர்கள் தேடி வரும் வீடு அது. தாண்டி ஏற வேண்டிய டப்பைவிட, அப்படியே நடந்து உள்ளே போகும் அகலமான ஷவர்தான் அங்கே எடுபடும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து ரைட்மூவ் என்ற வீடு விற்பனை இணையதளத்தில் உங்கள் தெருவில் விற்ற வீடுகளின் படங்களையும் தரை வரைபடத்தையும் பாருங்கள். வரைபடத்தில் டப் நீள்சதுரமாகவும் ஷவர் பெரும்பாலும் சின்னச் சதுரமாகவும் இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். விலை மதிப்பிட இரண்டு மூன்று ஏஜென்ட்களை இலவசமாகவே அழைக்கலாம். வந்தவர்களிடம் இதையும் கேட்டுவிடுங்கள். வீட்டை எவ்வளவுக்கு விற்றுத் தருவேன் என்பதைக் கூட்டிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் உண்டு. பாத்ரூம் விஷயத்தில் பொய் சொல்லி அவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

2. பக்கெட்டை எடுங்கள்

நம் வீட்டு பக்கெட்டுக்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. 10 லிட்டர் பக்கெட்டை வெந்நீர்க் குழாயின் கீழ் வைத்து, போனில் நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். நல்ல ஷவருக்கு அது தாராளம்.

எவ்வளவு வரும் என்பது உங்கள் வீட்டில் எந்த மாதிரி பாய்லர் என்பதைப் பொறுத்தது. காம்பி பாய்லர், அதாவது தொட்டி இல்லாமல் குழாயைத் திறந்ததும் சூடாக்கித் தரும் வகை என்றால், தண்ணீர் மெயின்ஸ் (தெருவிலிருந்து வரும் குழாய்) அழுத்தத்திலேயே வரும். 30 கிலோவாட் காம்பி, குளிர்காலத்திலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர் வெந்நீர் தரும். ஷவருக்கு நிறைவு. 150 லிட்டர் டப்பை நிரப்ப மட்டும் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் பிடிக்கும்.

பழைய வீடுகளில் பரணில் ஒரு குளிர்நீர்த் தொட்டியும், அலமாரிக்குள் ஒரு செம்பு உருளையும் இருக்கும். இதில் நிலைமை வேறு. தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். பரணிலிருந்து ஷவர் தலைக்கு 2 மீட்டர் இருந்தாலே அதிகம், அதாவது 0.2 பார். கடையில் பளபளப்பாகத் தொங்கும் அகன்ற மழை ஷவரை வாங்கி இதில் மாட்டினால், கிணற்றடியில் ஓட்டை வாளியைத் தூக்கிப் பிடித்த மாதிரி ஒழுகும். பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எத்தனை பார் என்று போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். தொட்டி வைத்த வீட்டில் டப் நன்றாக நிரம்பும், ஷவர்தான் சண்டித்தனம் செய்யும். தொட்டியோடு பம்ப் வைக்கலாம், அல்லது மெயின்ஸ் குளிர்நீரை அங்கேயே சூடாக்கும் மின்சார ஷவர் வைக்கலாம். விற்பதற்காக மட்டும் பாய்லரையே மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருப்பது ஓடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

3. தரையைத் திறந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்

ஊரிலிருந்து வந்தவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நம் ஊர்ப் பாத்ரூம் தரை கான்கிரீட். வாட்டம் கொடுத்து, மூலையில் ஜாலி போட்ட வடிகால் இருக்கும், தண்ணீர் எங்கே விழுந்தாலும் ஓடிவிடும். இங்கே மாடித் தரை என்பது மரப்பலகை. பலகையைக் குறுக்கே ஓடும் கட்டைகள் தாங்கும், பில்டர்கள் ஜாயிஸ்ட் என்பார்கள். அதன் அடியில் கீழ் அறையின் கூரைப் பலகை. தரையில் வடிகால் கிடையாது. டப்புக்கோ, ஷவரில் நாம் நிற்கும் தட்டுக்கோ வெளியே விழும் தண்ணீருக்குப் போக ஒரே வழி, சமையலறைக் கூரை.

டப்புக்குக் கால் உண்டு. அதனால் அதன் கழிவுநீர்க் குழாய் தரைக்கு மேலேயே ஓடி, சுவரைத் துளைத்து வெளியே போய்விடும். ஷவர் தட்டு தரையோடு படுத்திருக்கும். அதன் வாய் தரைக்கு அடியில்தான் இருக்க முடியும். அங்கிருந்து போகும் 40 மி.மீ. குழாய்க்கு ஒரு மீட்டருக்கு 18 மி.மீ.யாவது வாட்டம் வேண்டும். கட்டைகள் ஓடும் திசையிலேயே குழாயும் போனால் பிரச்சினை இல்லை. குறுக்கே போக வேண்டுமானால் கட்டையை வெட்ட வேண்டும். 200 மி.மீ. உயரமுள்ள கட்டையின் மேல்விளிம்பில் 25 மி.மீ.க்கு மேல் வெட்டினால் அது பலம் இழக்கும், அந்த 25 மி.மீ.யையும் நினைத்த இடத்திலெல்லாம் வெட்டிவிட முடியாது. குழாயின் தடிமனோ அதைவிட அதிகம். சுருக்கமாக, முடியாது. அப்போது ஷவர் தட்டைக் கால் வைத்து உயர்த்த வேண்டும். பாத்ரூமுக்குள் ஒரு மேடை மாதிரி ஆகிவிடும், பார்க்கவும் நன்றாக இருக்காது.

ஈஸ்ட் ஹாம் வீட்டில் எங்களுக்கு ஷவர் வைத்தவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. தட்டைப் பலகை மேல் அப்படியே வைத்து, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசிவிட்டுப் போனார். ஆள் ஏறி நிற்கும்போது மரத்தரை லேசாக அமுங்கும், இறங்கினால் எழும். எட்டு மாதத்தில் சிலிக்கான் சுவரிலிருந்து நூலளவு விலகியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. சமையலறைக் கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த வட்டத்தின் மேல் பெயின்ட் அடித்து மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டின் நிலையைச் சோதிக்க வாங்குபவர் அனுப்பும் சர்வேயர் ஈரம் அளக்கும் கருவியோடு வருவார். அறிக்கையில் சிவப்பு நிறத்தில் மூன்றாம் எண் (பெரிய கோளாறு என்று பொருள்) விழுந்தால், வாங்குபவர் அதை வைத்தே விலை பேசுவார்.

ஆகவே பிளம்பரிடம் விலை கேட்கும் முன், ஒரு பலகையைப் பெயர்த்து கட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். டப்பை எடுத்துவிட்டு ஷவர்தான் என்று முடிவானால் 1700 × 700 மி.மீ. அளவிலேயே ஷவர் தட்டு கிடைக்கிறது, டப் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும்.

4. டப் என்று முடிவானால்

இங்கே வழக்கமான அளவு 1700 × 700 மி.மீ. இடம் குறைவென்றால் 1600, 1500 நீளத்திலும் உண்டு. சுவருக்குச் சுவர் அளக்கும்போது மூன்று இடத்தில் அளக்க வேண்டும், பழைய வீட்டுச் சுவர்கள் நேராக இருக்காது. மாடிப்படி வளைவில் திரும்புமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

டப்புக்கு மேல் ஷவர் வைக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு முனை மட்டும் 850 மி.மீ.க்கு அகன்றிருக்கும் வகையைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து P போல இருக்கும். அகன்ற இடத்தில் நின்று குளிக்கலாம், முழங்கை சுவரில் இடிக்காது. இதில் இடக்கை, வலக்கை என்று இரண்டு உண்டு. நான் செய்த தப்பு இங்கேதான். ஷவர் இருக்கும் பக்கத்தை நின்று பார்க்காமல், மனதுக்குள் திருப்பிப் போட்டு ஆர்டர் செய்துவிட்டேன். அகன்ற முனை ஜன்னல் பக்கம், ஷவர் கதவுப் பக்கம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க பத்து நாளும் போக்குவரத்துக் கூலியும் ஆயின. பிளம்பரையே ஆர்டர் செய்யச் சொல்லியிருக்கலாம்.

அக்ரிலிக் டப் இலேசு, விலை குறைவு, 200 பவுண்டுக்குள்ளேயே கிடைக்கும். ஆனால் மெலிந்ததை வாங்கினால் நிற்கும்போது நெளியும், அந்த நெளிவு சிலிக்கானைக் கிழிக்கும். கடையில் இருக்கும்போதே உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எனாமல் பூசிய இரும்புத் தகட்டு டப் கொஞ்சம் கனம், நெளியாது. நிறம் வெள்ளை, அதில் பேச்சே வேண்டாம். 1970களில் இந்த நாட்டில் அவகாடோ பச்சையில் டப்பும் கழிப்பறையும் வைத்துத் தள்ளினார்கள். அந்தப் பச்சை இன்னும் இருக்கும் வீடு என்றால், வேறு எதையும் மாற்றாவிட்டாலும் அதை மாற்றுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஷவர் தண்ணீர் படும் சுவரில் டைல்ஸ் ஒட்டும் முன் சாதாரண பிளாஸ்டர் பலகை இருக்கக் கூடாது, சிமென்ட் பலகையோ நீர்காப்புப் பூச்சோ வேண்டும். டப்பை முதலில் வைத்துவிட்டு, அதன் விளிம்பின் மேல் டைல்ஸ் வந்து உட்கார வேண்டும். டைல்ஸ் முதலில், டப் அப்புறம் என்று செய்தால் இடுக்கை சிலிக்கான் மட்டுமே காக்கும். சிலிக்கான் பூசும் முன் டப் நிறையத் தண்ணீர் பிடிக்க வேண்டும். 150 லிட்டர் என்றால் 150 கிலோ, அந்தப் பாரத்தில் டப் சற்று கீழே இறங்கும். இறங்கிய நிலையில் பூசி, காயும்வரை தண்ணீரை விட்டுவைத்தால், பிறகு எவ்வளவு நிரப்பினாலும் இடுக்கு திறக்காது. ஹாரோவில் எங்களுக்கு வேலை செய்த போலந்துக்காரர் இதை நான் சொல்லாமலே செய்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு இரண்டு நண்பர்கள் வீட்டு வேலையைப் பிடித்துக் கொடுத்தேன்.

ஷவர் கலவைக் குழாயில் வெப்பம் தானாக நிலைநிற்கும் வகையை வாங்குங்கள். கீழே யாராவது சமையலறைக் குழாயைத் திறந்தால் மேலே குளிப்பவருக்குச் சுடாது.

5. மின்சாரம், சான்றிதழ், பின்னே அந்த ஸ்பிரே

மின்சார ஷவரைச் சாதாரணச் சாமானாக நினைக்காதீர்கள். 10.5 கிலோவாட் என்பது மூன்றரைக் கெட்டில் ஒன்றாகக் கொதிக்கிற மாதிரி, 44 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும், பெரும்பாலும் 10 சதுர மி.மீ. தடிமனில். பழைய 7 கிலோவாட் ஷவரைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் பெரியதை மாட்டுவது ஆபத்து. இத்தனை செலவு செய்தும் குளிர்காலத்தில் நிமிடத்துக்கு நாலரை லிட்டர்தான் வெதுவெதுப்பாக வரும். காம்பி இருக்கும் வீட்டில் இதை வைப்பது வீண்.

புதிய மின்சுற்று போட்டால் இங்கிலாந்தில் அதற்குச் சான்றிதழ் உண்டு. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே பதிந்து அனுப்பிவிடுவார். விற்கும்போது சொலிசிட்டர் (வீடு கைமாறும் வேலையைப் பார்க்கும் வக்கீல்) நிரப்பச் சொல்லும் டி.ஏ.6 என்ற வீட்டுத் தகவல் படிவத்தில், 2005 ஜனவரி 1க்குப் பிறகு மின்வேலை நடந்ததா, சான்றிதழ் எங்கே என்று கேள்வி இருக்கும். "நம்ம பையன் ஒருத்தன் செஞ்சு கொடுத்தான்" என்று அங்கே எழுத முடியாது. இருந்த பாத்ரூமையே புதுப்பித்தால் பொதுவாகக் கட்டட அனுமதி கேட்க வேண்டியதில்லை. படுக்கையறை மூலையில் புதிதாக ஒரு ஷவர் அறை கட்டினால் கேட்க வேண்டும். லீஸ்ஹோல்ட், அதாவது நீண்டகாலக் குத்தகை ஃபிளாட் என்றால் குழாயை நகர்த்தும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், நில உரிமையாளரின் எழுத்து அனுமதி தேவைப்படலாம்.

காற்றை வெளியே தள்ளும் விசிறியை மறக்காதீர்கள். பாத்ரூமுக்கு விநாடிக்கு 15 லிட்டர் என்பது விதி. ஷவர் வைத்த பிறகு ஆவி அதிகமாகும், விசிறி இல்லாவிட்டால் ஒரு குளிர்காலத்திலேயே கூரை மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், கழிப்பறைப் பக்கத்தில் நாம் எல்லோரும் மாட்டி வைத்திருக்கும் கை ஸ்பிரே. மெயின்ஸ் குழாயிலிருந்து T வடிவ இணைப்பு போட்டு நேராக எடுத்திருந்தால் அது 1999ஆம் ஆண்டு நீர் இணைப்பு விதிகளுக்குப் பொருந்தாது. ஸ்பிரே கழிப்பறைக் கோப்பைக்குள் விழுந்து, அந்த நேரத்தில் அழுத்தம் குறைந்தால், கோப்பைத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்படலாம் என்பதே காரணம். டப்பிலிருக்கும் ஷவர் கைக்குழாய்க்குத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போதும், கழிப்பறைக்கு அது போதாது. விற்கும் முன் கழற்றி, குழாய் வாயை ஒழுங்காக அடைத்துவிடுங்கள். புது வீட்டில் முறைப்படி தனித்தொட்டி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

6. எவ்வளவு வரை கை வைப்பது

டப்பும் கழிப்பறையும் வெள்ளையாக, விரிசல் இல்லாமல் இருந்தால் பெயர்க்கவே வேண்டாம். கறுத்த சிலிக்கானைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுங்கள், டைல்ஸ் இடுக்குக்கு மறுபடி சாந்து போடுங்கள், கழிப்பறை மூடியை மாற்றுங்கள், டப்புக்கு மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு போடுங்கள். ஒரு வார இறுதியில் முடிகிற வேலை. லண்டன் தண்ணீர் கடினமானது, கண்ணாடியிலும் ஷவர் தலையிலும் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். ஷவர் தலையைக் கழற்றி ஒரு ராத்திரி வெள்ளை வினிகரில் ஊறப்போட்டால் புதிது போல ஆகிவிடும்.

முழுதாக மாற்றுவதென்றால் சாமான் விலையைவிடக் கூலிதான் கூடும், அதன் மேல் 20 சதவீத வாட் வரி வேறு. மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள், வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் போகும் இடத்தை மாற்றாமல், இருந்த இடத்திலேயே இருந்ததை வைப்பதுதான் எப்போதும் மலிவு. டப் இருந்த சுவரில் டப், கழிப்பறை இருந்த மூலையில் கழிப்பறை. 1930களில் கட்டிய சில செமி வீடுகளில் கழிப்பறை தனி அறையாக, பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருக்கும். நடுச்சுவரை எடுத்தால் டப், ஷவர் இரண்டுக்குமே இடம் வரும். ஆசையாகத்தான் இருக்கும். அந்தச் சுவர் பாரம் தாங்குகிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்காமல் தொடாதீர்கள். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கழிப்பறை போக முடியாமலும் போகும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. வீட்டில் வேறு கழிப்பறை இல்லாவிட்டால் நான் அந்தச் சுவரை விட்டுவிடுவேன்.

ரசீதுகள், சான்றிதழ்கள், டப் கூடவே வந்த உத்தரவாத அட்டை எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். படம் எடுக்க ஆள் வரும் நாளில் பக்கெட், மக், சீயக்காய்ப் பாக்கெட், நாலு விதமான ஷாம்பு எல்லாம் காரின் டிக்கிக்குப் போகட்டும். வீடு பார்க்க வருபவர்களில் சிலர் கேட்காமலே ஷவரைத் திறந்துவிட்டுக் கையை நீட்டிப் பார்ப்பார்கள். ஹாரோ வீட்டை வாங்கியவரும் அதைத்தான் செய்தார். அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே குழாயைத் திறந்து, வெந்நீர் மேலே வந்துவிட்டதா என்று பார்த்து வைத்திருந்தேன்.